பள்ளி மாவட்டம் என்றால் என்ன? ஃபெர்குசன்–ஃபுளோரிசன்ட் வழியாக ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வீடு பார்க்கத் தொடங்கும்போது, அந்த வீடு எந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் வருகிறது என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் விசாரிக்கின்றன. அளவிலும் அமைப்பிலும் ஒத்த இரு வீடுகள் ஒரே தெருவின் இரு பக்கங்களில் இருந்தாலும், நடுவில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டினால் அவற்றின் விலை வேறுபடுவதுண்டு. ஊரில் இருக்கும் உறவினருக்கு இதை விளக்குவது எளிதன்று. தமிழ்நாட்டில் ‘கல்வி மாவட்டம்’ என்பது பள்ளிக் கல்வித் துறையின் ஒரு நிர்வாகப் பிரிவு. அதன் அலுவலரை அரசு நியமிக்கிறது, சம்பளமும் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. அமெரிக்கப் பள்ளி மாவட்டத்தை அத்தகைய அலுவலகமாக எண்ணினால் தொடக்கத்திலேயே தவறிவிடுவோம்.

அது தனியொரு குட்டி அரசாங்கம். அதற்கென எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வாழ்பவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் உண்டு. சொத்து வரி விதிக்கவும், கட்டடம் கட்டுவதற்காகக் கடன் பத்திரம் வெளியிடவும், ஆசிரியர்களையும் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரையும் பணியில் அமர்த்தவும் அதிகாரம் உண்டு. நகராட்சியின் எல்லையும் இதன் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பல இடங்களில் ஒன்றாக இல்லை. ஒரு நகரம் மூன்று மாவட்டங்களுக்குப் பங்குபோவதும், ஒரு மாவட்டம் பத்துச் சிறு நகரங்களை அள்ளிக்கொள்வதும் சாதாரணம். ஹவாய் மாநிலம் ஒரு விதிவிலக்கு. அங்கே மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லாததால், அது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்கள் அதை ஊர்களிடம் விட்டன. இந்தப் பழக்கம் அந்நாட்டைவிடப் பழையது. 1647இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் இயற்றிய சட்டம், 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றும், 100 குடும்பங்கள் ஆனால் பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தயார்செய்யும் இலக்கணப் பள்ளி தொடங்க வேண்டும் என்றும் விதித்தது. 1785ஆம் ஆண்டின் நில ஒழுங்குச் சட்டம் மேற்கு நிலங்களை ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 கூறுகளாகப் பிரித்து, 16ஆம் கூற்றைப் பள்ளிக்கென ஒதுக்கியது. ஓர் ஆசிரியர், ஓர் அறை, அதற்கொரு மாவட்டம் என்று பெருகியதில், 1939–40இல் நாடெங்கும் 1,17,108 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று சுமார் 13,000. இடைப்பட்ட காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குட்டி அரசாங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்து மறைந்தன. பேருந்து வந்ததும், சிறு பள்ளியைவிடப் பெரிய பள்ளி சிக்கனமானது என்ற எண்ணம் பரவியதும் இதற்குக் காரணங்கள். எது எதனோடு இணைந்தது என்பதைக் காட்டிலும், எது எதனோடு இணைய மறுத்தது என்பதில்தான் புறநகர்களின் வரலாறு இருக்கிறது என்பது என் கருத்து. மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வடக்கே உள்ள ஃபெர்குசன்–ஃபுளோரிசன்ட் பள்ளி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும்.

செயின்ட் லூயிஸ் நகரம் 1876இல் தன்னைச் சுற்றியிருந்த கவுன்டியிலிருந்து (மாநிலத்தின் உட்பிரிவான வட்டாரத்திலிருந்து) சட்டப்படி பிரிந்துகொண்டது. கிராமப்புறத்துக்குச் செலவு செய்வானேன் என்று நகரத்தார் அன்று எண்ணினார்கள். அதனால் நகரத்தின் எல்லை நிரந்தரமாக உறைந்தது. வெளியே வளர்ந்த புறநகர்களை அதனால் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. கவுன்டியில் சுமார் 90 நகராட்சிகளும் 20க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களும் முளைத்தன. அவற்றுள் ஃபெர்குசன், 1855இல் வில்லியம் ஃபெர்குசன் என்பவர் ரயில் நிலையத்துக்காக 10 ஏக்கர் நிலம் கொடுத்ததால் உருவான ஊர். 1894இல் நகராட்சி ஆயிற்று. அதன் அருகே, கருப்பின மக்கள் நிலம் வாங்கிக் குடியேற முடிந்த மிகச் சில இடங்களில் ஒன்றாகக் கின்லாக் வளர்ந்தது.

மிசூரியின் சட்டப் பின்னணியையும் இங்கே சொல்ல வேண்டும். 1847இல் அம்மாநிலம் கருப்பின மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையே குற்றமாக்கியது. அடிமை முறை ஒழிந்த பின், 1875ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகளைக் கட்டாயமாக்கியது. தனிப் பள்ளி என்பதைத் தனி மாவட்டம் என்றே ஆக்கிக்கொள்வது அடுத்த படி. கின்லாக்கை ஒட்டி வெள்ளையர் வாழ்ந்த பகுதி 1937இல் பெர்க்லி என்ற பெயரில் தனி நகரமாகப் பதிவு செய்துகொண்டது. கின்லாக்கிலிருந்து விலகித் தனக்கெனப் பள்ளி மாவட்டத்தை வைத்துக்கொள்வதே அதன் முதன்மையான நோக்கம். இவ்வாறு ஃபெர்குசனுக்கும் பெர்க்லிக்கும் நடுவே, ஏறக்குறைய முழுவதும் கருப்பின மாணவர்களைக் கொண்ட மிகச் சிறிய பள்ளி மாவட்டமாகக் கின்லாக் நின்றது. அதன் ஊர், மிசூரியில் நகராட்சியாகப் பதிவான முதல் கருப்பின ஊர் என்ற பெருமையை 1948இல் பெற்றது.

எல்லைக்கோடு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குப் பணக் கணக்கு விடை சொல்லும். பள்ளிக்கு வரும் பணம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. கூட்டாட்சி அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். மீதியை மாநில அரசும் உள்ளூர் வரியும் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளூர் வரியில் பெரும்பகுதி சொத்து வரி. மிசூரியில் ஒரு குடியிருப்பு வீட்டின் சந்தை விலையில் 19 சதவீதத்தை வரிக்குரிய மதிப்பாகக் கொண்டு, அந்த மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் இத்தனை டாலர் என வரி விதிக்கிறார்கள். ஒரு மாவட்டம் 100 டாலருக்கு 5 டாலர் வீதம் வசூலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 டாலர் வீட்டின் வரிக்குரிய மதிப்பு 19,000 டாலர். அதன் உரிமையாளர் ஆண்டுக்கு 950 டாலர் கட்டுவார். பக்கத்து மாவட்டத்தில் 4,00,000 டாலர் வீடு இருந்தால், அதே வீதத்தில் 3,800 டாலர் கிடைக்கும். ஏழை மாவட்டம் அதே தொகையைத் திரட்ட வேண்டுமானால் 20 டாலர் வீதம் விதிக்க வேண்டும். அப்படி விதித்தால் வீட்டை விற்றுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி இராது. எல்லைக்குள் ஒரு தொழிற்சாலையோ அங்காடி வளாகமோ இருந்தால் அதன் வரியும் அந்த மாவட்டத்துக்கே. மாநில மானியம் இந்த இடைவெளியைக் குறைக்கிறது, முழுமையாக அடைப்பதில்லை.

இது கற்பனைக் கணக்கு மட்டுமன்று. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில், 1967–68இல், எட்ஜ்வுட் மாவட்டத்தார் 100 டாலருக்கு 1.05 டாலர் வீதம் வரி கட்டியும் மாணவர் ஒருவருக்கு 26 டாலரே உள்ளூரில் திரண்டது. வசதி படைத்த அலமோ ஹைட்ஸ் மாவட்டம் 0.85 டாலர் வீதத்திலேயே 333 டாலர் திரட்டியது. குறைவாகக் கட்டியவர்களுக்கு அதிகம் கிடைத்தது. எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கை 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. கல்வி கூட்டாட்சி அரசமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்பது அதன் முடிவு.

கின்லாக்கின் நிலை எட்ஜ்வுட்டைப் போன்றதுதான். பெர்க்லியின் பக்கம் லாம்பெர்ட் விமான நிலையமும், 1939இல் தொடங்கப்பட்ட மெக்டொனல் நிறுவனத்தின் விமான ஆலையும் இருந்தன. ஃபெர்குசனில் எமர்சன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமையகம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூட்டாட்சி அரசின் கடன் காப்பீட்டோடு அண்டை ஊரான ஃபுளோரிசன்ட்டில் வீட்டு மனைகள் வயல்களை விழுங்கி வளர்ந்தன. அந்த வீடுகள் வெள்ளையருக்கே விற்கப்பட்டன. வீட்டை இன அடிப்படையில் விற்க மறுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எழுந்ததே செயின்ட் லூயிஸின் ஒரு வீட்டை முன்னிட்டுத்தான். தீர்ப்பு வந்தும் விற்பனை வழக்கம் உடனே மாறவில்லை. கின்லாக்கில் ஆலை இல்லை, அலுவலகம் இல்லை. சிறு வீடுகள் மட்டும். 1940களின் இறுதியில் மிசூரி சிறு மாவட்டங்களை இணைத்து மறுசீரமைக்கத் தொடங்கியபோது, சிக்கனத்தின் பெயரால் முதலில் இணைக்கப்பட்டிருக்க வேண்டிய மாவட்டம் கின்லாக்தான். அது எதனுடனும் சேர்க்கப்படவில்லை.

எல்லைக்கோடு தாண்ட முடியாதது என்று பின்னாளில் வாதிட்டவர்கள் மறந்துவிட்ட ஒன்று உண்டு. 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடை செய்யும் வரை, இந்தப் பகுதியில் கருப்பின உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் மாவட்டத்திலிருந்து வேறு மாவட்டத்தின் கருப்பினப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பிரித்து வைப்பதற்குக் கோட்டைத் தாண்டலாம். சேர்ப்பதற்குத்தான் தாண்டக் கூடாது. 1960களில்கூட ஃபெர்குசன் நகரம், கின்லாக்கிலிருந்து வரும் முக்கியச் சாலையைச் சங்கிலியாலும் கட்டுமானப் பொருள்களாலும் அடைத்து வைத்திருந்தது. பள்ளி மாவட்டத்தின் கோடு வரைபடத்தில் மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது.

1954க்குப் பின்னும் கின்லாக் தனித்தே இருந்தது. சட்டம் பிரிவினையைக் கைவிட்டுவிட்டது; ஆனால் ஒரு மாவட்டம் முழுவதும் கருப்பினக் குழந்தைகளே இருக்கும்போது, அந்த மாவட்டத்துக்குள் யாரை யாரோடு சேர்ப்பது? இதை எதிர்த்து அமெரிக்க அரசே 1970களின் தொடக்கத்தில் வழக்குத் தொடுத்தது. சிறிய, ஏழ்மையான, கருப்பின மாவட்டம் ஒன்றை மாநில அரசும் கவுன்டியும் தம் செயல்களால் உருவாக்கிக் காத்துவந்தன என்று கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்ய, கின்லாக், பெர்க்லி ஆகிய இரண்டும் ஃபெர்குசன்–ஃபுளோரிசன்ட்டுடன் இணைக்கப்பட்டன.

இந்தத் தீர்ப்பு எத்தனை அரிது என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு ஓராண்டு முன் நடந்ததைப் பார்க்க வேண்டும். டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் வெள்ளை மாணவர்கள் குறைந்துவிட்டதால், சுற்றியிருந்த 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்து மாணவர்களைக் கலக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை 5–4 என ரத்து செய்தது. புறநகர் மாவட்டம் தானே தவறு செய்தது என்றோ, எல்லைகளே இன நோக்கில் வரையப்பட்டன என்றோ நிரூபித்தால் மட்டுமே கோட்டைத் தாண்டி ஆணையிட முடியும் என்றது. பெரும்பாலான புறநகர்களில் அப்படி நிரூபிப்பது இயலாத காரியம். வீட்டு விலையும் வங்கிக் கடனும் வேலையைச் சத்தமின்றிச் செய்துவிட்டிருந்தன. கின்லாக்கில் மட்டும் சுவடுகள் அரசு ஆவணங்களிலேயே இருந்தன. நகரத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு டெட்ராய்ட் தீர்ப்பு உறுதியளித்தது இதுதான்: கோட்டைத் தாண்டிக் குடிபோனால், பின்னால் எவரும் வரமாட்டார்கள்.

ஆனால் கோட்டுக்குள் வாழும் மக்கள் மாறுவார்கள். ஃபெர்குசன் நகரில் 1990இல் கருப்பின மக்கள் நான்கில் ஒரு பங்கு. 2000இல் பாதிக்குச் சற்று மேல். 2010இல் மூன்றில் இரண்டு பங்கு. பள்ளிகளில் மாற்றம் இன்னும் வேகமாக இருந்தது. 2014 வாக்கில் மாவட்ட மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கருப்பினத்தவர். மாவட்டத்தில் எஞ்சியிருந்த வெள்ளையர் பலர் முதியவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதைக் கடந்தவர்கள், ஆனால் வாக்களிப்பவர்கள்.

ஆகவே எல்லை, பணம் ஆகியவற்றை அடுத்து மூன்றாவது கேள்வி எழுந்தது: வாரியத்தில் அமர்வது யார்? மிசூரியில் இத்தகைய மாவட்டத்தின் வாரியத்தில் 7 உறுப்பினர்கள். பதவிக்காலம் 3 ஆண்டுகள். எல்லாரையும் ஒரே ஆண்டில் தேர்ந்தெடுக்காமல் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களுக்குத் தேர்தல் நடத்துகிறார்கள். தேர்தல் ஏப்ரலில் வருகிறது. குடியரசுத் தலைவர் தேர்தல் நடக்கும் நவம்பரோடு ஒப்பிட்டால், ஏப்ரலில் வாக்குச்சாவடிக்கு வருபவர்கள் மிகக் குறைவு. வருபவர்களில் சொந்த வீட்டுக்காரர்களும் முதியவர்களும் அதிகம். ஃபெர்குசன்–ஃபுளோரிசன்ட்டில் தொகுதிப் பிரிப்பும் இல்லை. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. மாவட்டத்தின் முதல் கருப்பினக் கண்காணிப்பாளரை 2013 நவம்பரில் வாரியம் கட்டாய விடுப்பில் அனுப்பியபோது, அந்த வாரியத்தில் கருப்பின உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அடுத்த ஏப்ரலில் ஒருவர் வென்றார். ஏழில் ஒருவர்.

2014 டிசம்பரில் கருப்பினக் குடியிருப்பாளர்களும், கருப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தனர். வாக்களிக்கும் வயதினரில் இரு இனத்தவரும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது பாகுபாடு எங்கே என்று மாவட்டம் கேட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். 2016 ஆகஸ்டில் நீதிபதி ராட்னி சிப்பல், கடந்தகாலப் பாகுபாடு, பொருளாதார நிலை, தேர்தல் முறை ஆகியவை ஒன்றுசேர்ந்து கருப்பின வாக்கின் வலிமையைக் குறைக்கின்றன என்று தீர்ப்பளித்தார். மாவட்டத்தைத் தொகுதிகளாக வெட்டாமல் அவர் கொடுத்த தீர்வு, குவிப்பு வாக்குமுறை. அதாவது, மூன்று இடங்களுக்குத் தேர்தல் என்றால் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள்; மூன்றையும் மூவருக்குப் பங்கிடலாம், அல்லது மூன்றையும் ஒருவருக்கே போடலாம். ஒரு குழு எண்ணிக்கையில் சிறியதாக இருந்தாலும், தன் வாக்குகளை ஒருவர் மேல் குவித்து அவரை வெல்ல வைக்க முடியும். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஜூலையில் இதை உறுதிசெய்தது. 2019 ஏப்ரலில் முதன்முறையாக அம்முறையில் தேர்தல் நடந்தது.

வாக்கு என்றால் வாரியத்துக்கு மட்டும் என்று கருத வேண்டாம். கட்டடத்துக்காகக் கடன் பத்திரம் வெளியிட மக்களின் ஒப்புதல் வேண்டும்; மிசூரியில் ஏப்ரல் தேர்தலில் அதற்கு ஏழில் நான்கு பங்கு ஆதரவு தேவை. 100க்கு 57 பேர் ஆதரித்தாலும் போதாது, நூலிழையில் தோற்கும். கூரை ஒழுகும் பள்ளிக்கு ஓடு மாற்றுவதை ஊரார் வாக்களித்துத் தீர்மானிப்பதை ஜனநாயகம் என்று வியக்கலாம். பிள்ளைகள் இல்லாத வீட்டுக்காரரின் கையில் அந்தக் கூரை இருக்கிறது என்று கவலைப்படவும் செய்யலாம். எனக்கு இரண்டும் தோன்றுகின்றன.

இன்னோர் அதிகாரம் மாநிலத்தின் கையில் உண்டு: அங்கீகாரம். பக்கத்து நார்மண்டி மாவட்டம் 2013 ஜனவரியில் அதை இழந்தது. அங்கீகாரம் இழந்த மாவட்டத்தின் மாணவர் வேறு மாவட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம், கட்டணத்தைப் பழைய மாவட்டமே கட்ட வேண்டும் என்பது மிசூரிச் சட்டம். மாநில உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் அதை உறுதிசெய்ததும், நார்மண்டியிலிருந்து சுமார் 1,000 மாணவர்கள் வெளியேறினார்கள். பலர் 30 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஃபிரான்சிஸ் ஹவல் மாவட்டத்துக்குத் தினமும் பேருந்தில் போனார்கள். கட்டணம் கட்டிக் கட்டி நார்மண்டி திவாலாகும் நிலையை அடைந்தது. 2014 ஜூலை 1 அன்று மாநிலம் அந்த மாவட்டத்தைக் கலைத்து, அதே எல்லைக்குள் அதே பள்ளிகளோடு புதிய பெயரில் மற்றொன்றை நிறுவியது. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் போய், மாநிலம் நியமித்த வாரியம் வந்தது. குட்டி அரசாங்கமே ஆனாலும், அதைப் பெற்ற மாநிலத்தால் கலைக்க முடியும்.

அந்த ஆண்டு நார்மண்டி உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்தவர்களுள் ஒருவர் மைக்கேல் பிரவுன். 2014 ஆகஸ்ட் 9 அன்று ஃபெர்குசனில் காவலர் ஒருவரால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபெர்குசன் என்ற பெயரை உலகம் அறிந்தது அப்போதுதான். அவர் இறந்து கிடந்த கேன்ஃபீல்ட் தெரு ஃபெர்குசன் நகராட்சிக்குள் இருக்கிறது. ஆனால் ஃபெர்குசன்–ஃபுளோரிசன்ட் பள்ளி மாவட்டத்துக்குள் இல்லை. அது ரிவர்வியூ கார்டன்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டமும் அப்போது அங்கீகாரம் இழந்திருந்தது. அந்தத் தெருவில் குடியிருப்பவர் மேயரைத் தேர்ந்தெடுக்க ஃபெர்குசன்காரராக வாக்களிப்பார். தம் பிள்ளையின் பள்ளிக்கான வாரியத்தைத் தேர்ந்தெடுக்க ரிவர்வியூ கார்டன்ஸின் வாக்காளர் ஆவார்.

1975இல் நீதிமன்றம் இணைத்த கின்லாக்கின் பெரும்பகுதி இன்று வெற்று நிலம். 1980களிலிருந்து விமான நிலையம் இரைச்சலை முன்னிட்டு அங்கிருந்த வீடுகளை வாங்கி இடித்தது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊரில் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது எஞ்சியிருந்தவர்கள் 298 பேர்.